பழைய கோல்ஃப் மட்டை... ஆன்லைன் ஏலம்... கை சுடாமல் வாங்குவது எப்படி?

2022 ஏப்ரலில் அமெரிக்காவில் ஓர் ஆன்லைன் ஏலம் முடிந்தது. ஏலத்துக்கு வந்த பொருள், ஒருவர் அடித்து ஆடிய பழைய கோல்ஃப் மட்டைகள். கேட்கப்பட்ட கடைசி விலை 51 லட்சம் டாலருக்கும் மேல்! அந்த ஒருவர் டைகர் வுட்ஸ் என்பதுதான் விஷயம். 2000-லும் 2001-லும் அடுத்தடுத்து நான்கு பெரிய பட்டங்களை அவர் ஜெயித்தபோது கையில் இருந்த டைட்டிலிஸ்ட் மட்டைகள் என்று சொல்லி அவை விற்கப்பட்டன. இதே செட் 2010-ல் ஏலத்துக்கு வந்தபோது விலை 57 ஆயிரம் டாலர் சொச்சம்தான். 'இது நிஜமாகவே அவர் ஆடிய செட்தானா?' என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. அதற்குப் பதிலாக, உண்மை கண்டறியும் சோதனையின் முடிவுவரை ஆவணங்களில் சேர்த்திருந்தார்கள்.

கோடிகள் புரளும் ஏலத்துக்கே இந்தக் கேள்வி என்றால், 100 டாலருக்கும் 200 டாலருக்கும் தினமும் கைமாறும் பழைய மட்டைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அசல்தானா, உடம்புக்குப் பொருந்துமா, கொடுத்த காசுக்குத் தகுமா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் பட்டனை அழுத்துகிறவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஏன் பழைய மட்டை?

கோல்ஃப் காசு கேட்கும் விளையாட்டு. ஆட்ட விதிப்படி ஒருவர் தன் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1938-ல் வந்த விதி இது. தூரமாக அடிக்க 'டிரைவர்', நடுத்தர தூரத்துக்கு 'ஃபேர்வே உட்', 'ஹைப்ரிட்', எண் போட்ட 'அயர்ன்'கள், மணல் குழியிலிருந்து பந்தைக் கிளப்ப 'வெட்ஜ்', கடைசியில் குழிக்குள் உருட்ட 'பட்டர்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. முன்னணி நிறுவனங்களின் புது டிரைவர் ஒன்று மட்டுமே இன்று 600 டாலர் அளவில் விற்கிறது. செட் முழுக்கப் புதிதாக வாங்கினால் 2,000 டாலரைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

ஆனால், இந்த மட்டைகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. நிறுவனங்கள் கிட்டத்தட்ட ஆண்டுதோறும் புது மாடல் இறக்குகின்றன. புதுசு வந்ததும் பழையதன் விலை சரிகிறது. மட்டையோ அதே மட்டைதான். இரண்டு, மூன்று வருஷத்துக்கு முந்தைய மாடலுக்கும் இன்றைய மாடலுக்கும் உள்ள வித்தியாசம் வார இறுதியில் ஆடுகிற சாதாரண ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் கண்ணில்கூடப் படாது. புத்தி உள்ளவர்கள் பழையதைத் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான்.

தேடிப் போகும் இடங்களில் பெரியது ஈபே. 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் தொடங்கியபோது அதன் பெயர் 'ஆக்‌ஷன்வெப்'. அதில் முதலில் விற்றதாகச் சொல்லப்படுவது உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர், 14.83 டாலருக்கு. உடைசலுக்கும் உலகத்தில் ஆள் உண்டு என்று காட்டிய அந்தச் சந்தையில், யாரோ ஆடி முடித்துக் கார் ஷெட்டில் போட்டு வைத்த மட்டைகளுக்கு ஆள் கிடைக்காமல் போகுமா?

ஒரு தரம், ரெண்டு தரம்... இங்கே கிடையாது!

நம்மூர் ஏலத்தில் 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்று சொல்லி முடிப்பார்கள். கேட்க ஆள் இருக்கும்வரை ஏலம் ஓடும். ஈபே ஏலம் அப்படியல்ல. முடியும் நேரம் முன்கூட்டியே குறித்தது. அந்த விநாடி வந்ததும் கதவு சாத்தப்படும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கேட்பவர் தன்னால் கொடுக்க முடிந்த அதிகபட்ச விலையை முதலிலேயே பதிந்துவிடலாம். அந்தத் தொகை மற்றவர்களுக்குத் தெரியாது. எதிராளி ஏற்ற ஏற்ற, இவருக்காகக் கணினியே படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும். உதாரணமாக, ஒருவர் 150 டாலர்வரை பதிந்திருக்கிறார், இன்னொருவர் 120 டாலரோடு நின்றுவிட்டார் என்றால், முதலாமவர் 150 கொடுக்க வேண்டியதில்லை. அடுத்தவர் நின்ற இடத்துக்கு ஒரு படி மேலே, 122.50 டாலருக்கு மட்டை அவருக்குக் கிடைத்துவிடும்.

இப்படி, இரண்டாவது இடத்தில் இருப்பவரின் தொகையே விலையைத் தீர்மானிக்கும் ஏலத்தைப் பற்றி 1961-லேயே ஆராய்ந்து எழுதியவர் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி. 1996-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வகை ஏலத்தில், மனசில் உள்ள உண்மையான விலையை அப்படியே எழுதிவிடுவதுதான் கேட்பவருக்கு நல்லது என்பது அவர் ஆய்வின் சாரம்.

நடைமுறையில் மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை. முதலில் 80 என்கிறார்கள். 'உங்களை ஒருவர் முந்திவிட்டார்' என்று போனில் செய்தி வந்ததும் 95. மறுபடி செய்தி, 110. அந்த நேரத்தில் மட்டையின் மேல் இருக்கும் ஆசையைவிட, பெயர் தெரியாத அந்த எதிராளியின் மேல் இருக்கும் கோபம் பெரிதாகிவிடுகிறது. 100 டாலர் பெறாத மட்டைக்கு 160 கொடுத்துவிட்டு 'ஜெயிச்சிட்டேன்' என்று சந்தோஷப்படுவது இப்படித்தான். பொருளாதாரத்தில் இதற்கு 'ஜெயித்தவரின் சாபம்' என்றே ஒரு பெயர் உண்டு. பலர் கேட்கும் ஏலத்தில், பொருளின் மதிப்பை எல்லோரையும்விட அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டவருக்கே அது கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பது அதன் பொருள்.

அனுபவசாலிகள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஏலம் முடியப் போகும் கடைசி சில விநாடிகள்வரை வாயே திறக்க மாட்டார்கள். ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். அப்போது அமேசானும் ஏலம் நடத்திவந்தது. அங்கே கடைசி நிமிடங்களில் யாராவது விலை ஏற்றினால் ஏலத்தின் நேரமும் நீளும். ஈபேயில் நீளாது. அதனால் கடைசி நேரப் பாய்ச்சல் ஈபேயில்தான் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். முன்கூட்டியே விலையை ஏற்றிவிடாமல் இருப்பதும், எதிராளியைச் சூடேற்றாமல் இருப்பதும் இதில் உள்ள லாபம். ஆனால், கடைசி விநாடியில் இறங்கினாலும் தொகையை நிதானமாக முன்கூட்டியே முடிவுசெய்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சூடு இவருக்கே ஏறிவிடும்.

காகிதத்தில் ஒரு கணக்கு

அந்தத் தொகையை எப்படி முடிவுசெய்வது? முதலில், அதே மாடல் இதற்கு முன் என்ன விலைக்கு விற்றது என்று பார்க்க வேண்டும். ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. விற்பவர் கேட்கும் விலை ஆசை. விற்று முடிந்த விலைதான் நிஜம்.

அடுத்து, கூடுதல் செலவு. எட்டு அயர்ன்கள் கொண்ட ஒரு செட்டை ஒருவர் 200 டாலருக்கு ஏலம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அனுப்பும் செலவு 25 டாலர். அவருடைய மாநிலத்தில் விற்பனை வரி 8 சதவிகிதம் என்றால் 18 டாலர். மட்டைகளின் ரப்பர் பிடி காய்ந்து வழுக்குகிறது. புதுசு மாற்ற ஒன்றுக்கு 12 டாலர் என்றால் எட்டுக்கு 96. ஆக மொத்தம் 339 டாலர்! இதே செட், சோதித்துத் தரம் பிரித்துத் திரும்பப் பெறும் வசதியோடு விற்கும் பழைய மட்டைக் கடையில் 300 டாலருக்குக் கிடைத்தால், ஏலத்தில் ஜெயித்தவருக்கு நஷ்டம் 39 டாலர்.

கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். கடை விலை 300. அதில் பிடி மாற்றும் செலவையும், அனுப்பும் செலவையும், வரியையும் கழித்தால், ஏலத்தில் கேட்கக்கூடிய உச்சம் சுமார் 160 டாலர். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், 161-வது டாலர் அடுத்தவருக்குப் போகட்டும் என்று விட்டுக்கொடுக்கும் தெம்பு வந்துவிடும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கும் நிலையும் வராது.

பருவமும் விலையில் விளையாடும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனிக்காலத்தில் மைதானங்கள் மூடிக்கிடக்கும். மட்டை தேடுபவர்கள் குறைவு. வசந்தம் வந்து, ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டி டி.வி-யில் ஓடத் தொடங்கியதும் எல்லோருக்கும் ஆசை வரும், ஏலமும் சூடாகும். டிசம்பர், ஜனவரியில் வாங்குகிறவர் கூட்டமில்லாத கடைக்குப் போகிறவர் மாதிரி.

மட்டைக்கும் அளவு உண்டு

சட்டைக்கு அளவு பார்ப்பவர்கள் மட்டைக்குப் பார்ப்பதில்லை. பழைய மட்டை வாங்கி ஏமாந்ததாகச் சொல்பவர்களில் பலர் ஏமாற்றப்பட்டவர்கள் அல்ல, பொருந்தாததை வாங்கியவர்கள்.

முதலில் கை. வலதுகை மட்டையும் இடதுகை மட்டையும் வேறு வேறு. போட்டோவை அவசரமாகப் பார்த்தால் தெரியாது. இடதுகைக்கானது விலை குறைவாகத் தெரிகிறதே என்று வலதுகைக்காரர் எடுத்துவிட்டால், வீட்டில் அலங்காரத்துக்குத்தான் வைக்க முடியும்.

அடுத்து, மட்டைத் தண்டின் வளைவு. அடிக்கும்போது தண்டு எவ்வளவு வளைகிறது என்பதை எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்துகளால் குறிக்கிறார்கள். எல் பெண்களுக்கு, ஏ மூத்தவர்களுக்கு, ஆர் சராசரி ஆட்டக்காரருக்கு, எஸ் வேகமாக வீசுபவருக்கு, எக்ஸ் அதையும்விட வேகமானவருக்கு என்பது பொதுவான வழக்கம். இதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொன்றின் எஸ் மாதிரி விறைப்பாக இருக்கலாம். 'எதுக்கும் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று தொடக்கநிலை ஆட்டக்காரர் எக்ஸ் எடுத்தால், பந்து மேலேயே எழும்பாது. தப்பு தன்னுடையது என்று நினைத்து ஆட்டத்தையே விட்டுவிடுவார்.

எண்ணும் ஏமாற்றும். 1980-களில் 7-ம் எண் அயர்னின் முகம் 36 டிகிரிக்குக் குறையாமல் சாய்ந்திருப்பது சகஜம். இன்றைய பல மாடல்களில் அதே 7-ம் எண் 30 டிகிரிக்கும் கீழே வந்துவிட்டது. சாய்வு குறைந்தால் பந்து தூரம் போகும். அதனால் 'என் நண்பர் 7-ம் எண்ணில் 150 கெஜம் அடிக்கிறார், என் பழைய 7-ம் எண் போகவில்லையே' என்று புலம்புவதில் நியாயமில்லை. பழைய செட்டையும் புது செட்டையும் கலந்து வாங்குபவர் எண்ணைப் பார்க்காமல் டிகிரியைப் பார்த்து வாங்க வேண்டும்.

பிங் நிறுவனத்தின் அயர்ன்களில் ஒரு வண்ணப் புள்ளி இருக்கும். மட்டை தரையோடு நிற்கும் கோணத்தை அது சொல்கிறது. கறுப்பு என்றால் பொது அளவு. மற்ற வண்ணங்கள் உயரமானவருக்கோ குள்ளமானவருக்கோ, கை நீளத்துக்கு ஏற்ப மாற்றியவை. மட்டையின் கழுத்தில் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். அதைச் சொன்னால், அந்த செட் எந்த அளவில் தயாரானது என்று நிறுவனமே சொல்லிவிடும். வாங்குவதற்கு முன் அந்த எண்ணின் போட்டோவைக் கேட்பது நல்லது.

குழந்தைகளுக்கு வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. அப்பாவின் பழைய மட்டையை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. நீளம் குறையும், ஆனால் தலையின் எடை குறையாது, தண்டு இன்னும் விறைப்பாகிவிடும். எட்டு வயதுக் குழந்தை அதைத் தூக்கி வீசவே தடுமாறும். உயரத்துக்கு ஏற்பச் செய்த சிறுவர் செட்கள் பழையதாகவே நிறையக் கிடைக்கின்றன. குழந்தைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவதால் அவை அதிகம் தேய்ந்திருப்பதும் இல்லை.

தட்டிப் பார்க்க முடியாது... கேட்டுப் பார்க்கலாம்!

புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் வாங்குகிறவர் கையில் எடுத்துத் திருப்பி, தட்டி, முகர்ந்துகூடப் பார்ப்பார். ஆன்லைனில் கண்ணுக்குக் கிடைப்பது போட்டோ மட்டும்தான். ஆகவே போட்டோ எதைக் காட்டுகிறது என்பதைவிட, எதைக் காட்டவில்லை என்று பார்ப்பது முக்கியம்.

நிறுவனத்தின் விளம்பரப் படத்தையே போட்டிருந்தால் ஒதுங்கிவிடுவது உத்தமம். வெட்ஜ் மட்டையின் முகத்தில் உள்ள கோடுகள் மழுங்கியிருந்தால் பந்து சுழலாது; வெட்ஜுக்கு உயிரே அந்தக் கோடுகள்தான். டிரைவரின் மேல்பக்கத்தில் வெள்ளையாகக் கீறல் இருந்தால், பந்து முகத்தில் படாமல் மேலே பட்டு வந்த தழும்பு. பார்க்க அசிங்கமே தவிர, பெரும்பாலும் ஆட்டத்தைக் கெடுக்காது. விலையைக் குறைக்க உதவும். கார்பன் இழைத் தண்டில் தெரியும் விரிசல் அப்படியல்ல. வீசும்போது உடைந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை ஐந்து. தண்டு நிறுவனம் போட்டதா, பிறகு மாற்றியதா? நீளத்தை வெட்டவோ கூட்டவோ செய்தார்களா? குலுக்கினால் தலைக்குள் ஏதாவது ஆடும் சத்தம் வருகிறதா? செட்டில் எல்லா எண்ணும் இருக்கின்றனவா? டிரைவரின் கோணத்தை மாற்றும் திருகியும் உறையும் கூட வருமா? நடுவில் ஒரே ஓர் எண் இல்லாத செட்டுகள் ஏலத்துக்கு வருவது சகஜம். அந்த ஒன்றைத் தனியாகத் தேடிப் பிடிக்கும்போதுதான் அருமை புரியும்.

நேர்மையான விற்பனையாளர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். பதிலே வராவிட்டால், அதுவும் ஒரு பதில்தான்.

போலி எங்கே ஒளிந்திருக்கிறது?

பிரபல மாடல் எதுவானாலும் அதற்கு ஒரு போலி இருக்கும். கள்ளத் தயாரிப்பு கையை மீறிப் போனதால், முன்னணி கோல்ஃப் நிறுவனங்கள் களத்தில் போட்டியாளர்களாக இருந்தும், 2004-ல் கைகோத்து ஒரு கூட்டுக் குழு அமைத்தன. அந்தக் குழுவின் முயற்சியால் சீனாவில் பல சோதனைகள் நடந்து, போலி மட்டைகள் குவியல் குவியலாகப் பிடிபட்டிருக்கின்றன.

போலியின் முதல் அடையாளம், விலை. இந்த வருஷ மாடல், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது, பாதி விலை என்று வந்தால் சந்தேகப்பட வேண்டும். உண்மையிலேயே அடித்து ஆடித் தேய்ந்த மட்டைக்குப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. கொஞ்சம் தேய்ந்த பழைய மாடல் பளபளக்கும் புது மாடலைவிடப் பாதுகாப்பானது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

மட்டை வீட்டுக்கு வந்தபின் எழுத்துகளின் வடிவம், வண்ணம், வரிசை எண், எடை ஆகியவற்றை நிறுவனத்தின் தளத்தில் உள்ள படங்களோடும் விவரங்களோடும் ஒப்பிடலாம். டிரைவர் தலை டைட்டானியம் என்று சொல்லியிருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. திருகுகள் உள்ள இடத்தில் வேறு உலோகம் இருக்கலாம் என்பதால், முகத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

அசலாக இருந்தும் போட்டிக்கு உதவாத மட்டைகளும் உண்டு. டிரைவர் தலையின் கொள்ளளவு 460 சிசி-க்கு மேல் போகக் கூடாது என்றும், முகம் ஓர் அளவுக்கு மேல் பந்தைத் துள்ளவைக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. காலவே நிறுவனத்தின் 'இ.ஆர்.சி 2' டிரைவர் 2000-ல் வந்தபோது அமெரிக்காவில் விதிக்குப் பொருந்தாததாக இருந்தது. அது போன்ற பழைய மட்டைகள் இன்றும் ஏலத்தில் தென்படலாம். நண்பர்களோடு ஆட யாரும் கேட்கப் போவதில்லை. போட்டியில் ஆட நினைப்பவர், அனுமதிக்கப்பட்ட டிரைவர்களின் பட்டியலை அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். 2010-ல் அயர்ன், வெட்ஜ் முகக் கோடுகளுக்கும் புது விதி வந்தது. பெரிய போட்டிகளைக் குறிவைப்பவர்களுக்கு அதுவும் முக்கியம்.

பணமும் பாதுகாப்பும்

ஈபேயில் விவரித்தபடி பொருள் வரவில்லை என்றால், பொருள் வந்து சேர்ந்த 30 நாளுக்குள் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால், பணம் அந்தத் தளத்தின் வழியாகப் போயிருக்க வேண்டும். 'தளத்துக்குக் கமிஷன் எதற்கு, நேரடியாக அனுப்புங்க, 20 டாலர் குறைச்சுக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், அந்த 20 டாலர் இந்தப் பாதுகாப்பைத் தூக்கிக் கொடுப்பதற்கான கூலி. பார்சலைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்து வைப்பதும், வந்த வாரத்திலேயே நாலு பந்து அடித்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம். கோடையில் ஆடலாம் என்று பனிக்காலத்தில் வாங்கி அப்படியே மூலையில் சாத்தி வைத்தவருக்கு, குறை தெரியும்போது 30 நாள் தாண்டியிருக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை, இங்கே நந்தனத்தில் கோல்ஃப் ஆடும் அப்பாவுக்கு அங்கே ஏலம் எடுத்து அனுப்ப நினைக்கலாம். கூரியரில் அனுப்பினால் சிக்கல் உண்டு. பயன்படுத்திய பொருள்களை இறக்குமதி செய்வதற்கு இந்தியாவில் கட்டுப்பாடு இருக்கிறது. அனுமதி இல்லாமல் வந்தால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஊருக்கு வரும்போது பெட்டியோடு கொண்டுவருவதாக இருந்தாலும் அன்றைய சுங்க விதிகளையும், விமான நிறுவனத்தின் எடை வரம்பையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அமெரிக்க விமான நிலையங்களில் மட்டையைக் கைப்பையாகக் கேபினுக்குள் கொண்டுபோக விட மாட்டார்கள்; சரக்கில்தான் போட வேண்டும்.

தெரியாமல் விற்பவரிடம்...

ஏலத் தளங்களில் அதிகம் பேசப்படாத ஒரு வகை விற்பனை உண்டு. கணவர் இறந்திருப்பார், அல்லது அப்பா முதியோர் இல்லத்துக்குப் போயிருப்பார். வீட்டைக் காலி செய்பவர்களுக்குக் கோல்ஃப் தெரியாது. 'பழைய கோல்ஃப் மட்டைகள், பையோடு' என்று ஒரே வரியில், நிறுவனத்தின் பெயரில் எழுத்துப்பிழையோடு, சொற்ப விலைக்குப் போடுவார்கள். பெயர் தப்பாக இருப்பதால் தேடலில் சிக்காது. கேட்க ஆளும் வர மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே பிழையான எழுத்துகளைப் போட்டுத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். கிடைப்பது சில நேரம் புதையலாகவே இருக்கும்.

இதில் சட்டப்படி தவறு ஒன்றும் இல்லை. விலை சொன்னவர் அவர், கொடுத்தவர் இவர். ஆனாலும் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒரு பட்டரை, அது என்னவென்றே தெரியாத ஒரு மூதாட்டி 10 டாலருக்குப் போட்டிருக்கும்போது, ஒரு வரி எழுதி அவரிடம் சொல்வதா, பேசாமல் வாங்குவதா? ஒவ்வொருவரும் தன் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது. 20 டாலர் மிச்சம் பிடிப்பது சாமர்த்தியம். ஒருவர் வீட்டுத் துக்கத்தில் லாபம் பார்ப்பது சாமர்த்தியமா என்று கேட்டால், வாங்கிய பிறகும் அந்தக் கேள்வி பையிலேயே இருக்கும்.

மற்றபடி, பழைய மட்டை என்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைக் கிராமமான பெட்ரெனாவில் பிறந்த செவே பயஸ்டெரோஸ், விவசாயக் குடும்பத்துப் பையன். ஊரில் இருந்த கோல்ஃப் மைதானம் பணக்காரர்களுக்கானது. பையனுக்கு அங்கே மட்டை தூக்கும் வேலைதான் கிடைத்தது. அண்ணன் கொடுத்த பழைய 3-ம் எண் அயர்ன் ஒன்றை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் அடித்துப் பழகினார். பக்கத்தில் அடிக்கவும், தூரத்தில் அடிக்கவும், மணலிலிருந்து கிளப்பவும் அந்த ஒரே மட்டைதான். அதனாலேயே வேறு யாருக்கும் வராத வித்தைகள் அவர் கைக்கு வந்தன என்பார்கள். 1979-ல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்று, மொத்தம் ஐந்து பெரிய பட்டங்களோடு ஓய்வுபெற்றார் அவர்.

14 மட்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அளவுக்குப் பொருந்தும் ஒரு 7-ம் எண் அயர்ன், ஒரு வெட்ஜ், ஒரு பட்டர், இந்த மூன்றோடு பயிற்சி மைதானத்துக்குப் போகலாம். ஆட்டம் பிடித்துப்போனால், அடுத்த பனிக்காலத்தில் ஏலம் கேட்க இன்னும் நிறைய மட்டைகள் இருக்கும்.